பாட்டனார் நட்ட தோட்டம்

ஊரிலிருந்து வரும் உறவினரை உமாயூன் கல்லறைக்கும் தாஜ்மகாலுக்கும் அழைத்துச் செல்வது தலைநகர்த் தமிழராகிய நம் வழக்கம். கட்டடத்தைக் கண்டு வியக்கிறோம். சூழ்ந்துள்ள தோட்டத்தையோ வெறும் நடைவழியாகக் கருதிக் கடந்து விடுகிறோம். முகலாயரின் போர்களையும் வாரிசுச் சண்டைகளையும் பள்ளியில் மனப்பாடம் செய்தோமேயன்றி, பாட்டன் நட்டதைப் பேரன் போற்றிய செய்தியை எவரும் நமக்கு எடுத்துரைத்தாரில்லை.

1526-இல் பானிப்பட்டில் வென்று ஆக்ராவில் அமர்ந்த பாபர், நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டு வந்தவர். இங்கே ஓடும் நீரில்லை, நல்ல முலாம்பழமில்லை என்று தம் நினைவுக் குறிப்புகளில் குறைப்பட்டுக் கொள்கிறார். ஆயினும் குறை கூறியதோடு நின்றாரல்லர். யமுனையின் மறுகரைக்குச் சென்று இடம் தேடினார். கண்ட நிலம் வெறுப்பையே ஊட்டியது. வேறிடம் வாய்க்காமையால் அங்கேயே கிணறு வெட்டி, குளம் அமைத்து, நாற்பகுதியாய் வகுத்த தோட்டத்தை உண்டாக்கினார். உடன் வந்த பிரபுக்களும் அவ்வாறே செய்யவே, மக்கள் அக்கரையைக் 'காபூல்' என்றே அழைக்கலாயினராம். தெற்கிலிருந்து வந்த நம் அனைவரையும் வடபுலத்தார் 'மதராசி' என ஒரே பெயரில் அடக்கி விடுவது நினைவுக்கு வருகிறதன்றோ!

1529-இல் நண்பர் க்வாஜா கலானுக்கு எழுதிய மடலில், தம்மிடம் வந்த முலாம்பழம் ஒன்றை அறுத்து உண்ணுகையில் கண்ணீர் பெருகியதாகக் குறிப்பிடுகிறார். அவ்வாண்டிலேயே ஆக்ராத் தோட்டத்தில் முலாம்பழமும் திராட்சையும் விளையக் கண்டு மனநிறைவும் எய்தினார். இந்தப் போக்குவரத்து ஒருவழிப்பட்டதன்று. முன்னரே நம் வாழையையும் கரும்பையும் ஜலாலாபாத் அருகிலிருந்த தம் வஃபாத் தோட்டத்தில் வளர்த்தவர் அவர்.

பாபர் மறைந்தது 1530-இல். பேரர் அக்பர் பிறந்தது 1542-இல். பாட்டனாருடன் பாத்தி கட்டும் பேறு அக்பருக்குக் கிட்டவில்லை. ஆனால் எழுத்து இருந்தது. துருக்கி மொழிக் குறிப்புகளை அப்துர் ரஹீம் பாரசீகத்தில் பெயர்த்து 1589-இல் அளித்தார். அதற்கெனத் தீட்டப்பெற்ற ஓவியமொன்று இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. நூல் பிடித்து நிலம் அளப்போரிடையே பாபர் நின்று பணி ஏவுகின்றார்.

நம் பிள்ளைகளுக்கு அத்தகைய ஏடுகள் இல்லை, பாட்டி இருக்கிறார். ஈரத்துணியில் சுற்றி அவர் ரயிலில் கொணர்ந்த கறிவேப்பிலைக் கன்று தில்லிக் குளிரில் இலையுதிர்த்து நிற்கும். கோணிச் சாக்கு போர்த்திக் காக்கிறோம். இந்தியிலேயே விளையாடும் பேரக்குழந்தை கன்று, தளிர், பதியன், களை என்னும் சொற்களை அந்தத் தொட்டியருகில்தான் முதன்முதல் கேட்கிறது. பள்ளியில் கிட்டாத தமிழ் இது. பாட்டி ஊர் திரும்பியபின் அச்சொற்களை யார் வழங்குவார் என்பதே நம் கவலை.

அரண்மனையிலும் ஒரு மூதாட்டி இருந்தார். அக்பரின் மனைவி ருக்கையா பேகம், பாபரின் மகன் இந்தாலின் புதல்வி. அக்பரின் பேரர் குர்ரம் இவரிடமே வளர்ந்தார். மூன்று தலைமுறைகளை இணைத்த பாலம் இவ்வம்மையாரே என நாம் கருதுகிறோம். வரலாற்றாசிரியர்கள் இவரை ஓரிரு வரிகளில் முடித்து விடுகின்றனர். 1607-இல் சகாங்கீர் காபூல் சென்றபோது, பாபரின் தோட்டத்தில் அடங்கிய தம் தந்தையாரின் கல்லறையை இவரும் கண்டார். 1620-ஐ ஒட்டி, தந்தையின் ஆணைப்படி காசுமீரத்துச் சாலிமார் தோட்டத்தை அமைக்க முற்பட்டவர் குர்ரம். பின்னர் சாசகான் என்னும் பெயருடன் அரசாண்ட அவர், 1640-களில் காபூல் தோட்டத்தில் பாபரின் கல்லறைக்கருகே வெண்பளிங்கில் சிறியதொரு பள்ளிவாசலையும் எழுப்பினார்.