குளிர்பாலையில் ஓர் அறிவுத்தவம்

பாலைவனம் என்றவுடன் சுடுமணலே நம் நினைவில் எழும். குளிர் நடுக்கும் பாலைவனமும் உண்டு. இமயத்துக்கு அப்பாலுள்ள லடாக் அத்தகையது. அதன் தலைநகராகிய லே ஏறத்தாழ 11,500 அடி உயரத்திலுள்ளது. மழைமேகங்களை இமயம் மறித்துவிடுவதால் ஆண்டு மழை நான்கு அங்குலமளவே. பனியுருகி வரும் நீரை வாய்க்கால்வழிப் பாய்ச்சியே மக்கள் வாற்கோதுமை விளைவிக்கின்றனர்.

இந்நிலத்துக்கு 1822ஆம் ஆண்டு ஓர் ஏழை அறிஞர் வந்தார். ஹங்கேரியராகிய சோமா டி கோரோஸ் என்பவரே அவர். தம் இனத்தின் பூர்விகத்தைத் தேடி 1819இல் புறப்பட்டவர், வழியிற் பெரும்பகுதியைக் கால்நடையாகவே கடந்தார். 1823இல் சன்ஸ்காரிலுள்ள சங்லாவில் தங்கி, லாமா ஒருவரிடம் திபெத்திய மொழி பயின்றார். ஒன்பதடிச் சதுர அறை, கடும்பனியிலும் நெருப்பில்லை. ஆட்டுத்தோற் போர்வையினின்று கையை எடுத்து ஏடு புரட்டுவதே பெரும்பாடாயிற்று.

அத்தவத்தின் பயனாகத் திபெத்திய-ஆங்கில அகராதியும் இலக்கணமும் 1834இல் கல்கத்தாவில் அச்சேறின. இந்தியாவில் மூலம் மறைந்துபோன வடமொழி நூல்கள் பல, திபெத்திய மொழிபெயர்ப்பில் உயிர்வாழ்கின்றன. அவற்றை உலகறிஞர் பயில இவை வழிதிறந்தன. லாசாவை நோக்கிப் புறப்பட்ட சோமா, 1842இல் டார்ஜிலிங்கில் காய்ச்சலால் மறைந்தார்.

தேடிய பூர்விகம் அவருக்குக் கிட்டவில்லை. கிட்டியது ஒரு மொழியின் திறவுகோல். ஏடுகளைக் காத்தவர் மடத்துத் துறவிகள். அவற்றைத் திறந்தவர் அயல்நாட்டார் ஒருவர். இருசாராரின் பொறுமையையும் நம் இளைஞர் எண்ணிப் பார்ப்பாராக!