எண்டோமெட்ரியோசிஸ்: ஒரு நோயறிதலின் வரலாறு

கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு சூலகத்திலும் வயிற்றறை உறையிலும் வளர்ந்து, மாதவிடாய்தோறும் கடும் வலியை உண்டாக்கக்கூடிய எண்டோமெட்ரியோசிஸை 1860இல் வியன்னாவின் கார்ல் ரோக்கிடான்ஸ்கி முதலில் விவரித்தார் என்பர். அவர் கண்டது இந்நோய்தானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் பணியாற்றிய ஜான் சாம்ப்சன், மாதவிடாய்க் குருதியின் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிப் பாய்ந்து, அதிலுள்ள உயிரணுக்கள் வயிற்றறையில் பதிந்து வளர்கின்றன என்று 1920களில் விளக்கினார். ஆனால் அப்பின்னோட்டம் நோயற்ற பெண்கள் பலரிடமும் காணப்படுவதால், அவ்விளக்கம் இன்றும் முழுமை பெறவில்லை. அறிவியலைவிட முன்முடிவே மேலோங்கிய கட்டமும் இவ்வரலாற்றில் உண்டு: ஜோ மெய்க்ஸ் போன்ற அமெரிக்க மருத்துவர்கள் தாமதமான மகப்பேற்றைக் காரணமாகச் சுட்டி, இளவயதுத் திருமணத்தைப் பரிந்துரைத்தனர். வலியை இயல்பென்று ஒதுக்கிய போக்கை மறுத்து, 1980இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நோயுற்ற பெண்களே சங்கம் அமைத்து, தங்கள் நோய்க்குறிகளைத் தாங்களே திரட்டிப் பதிவுசெய்தனர்.