நன் நதியும் கள்ள எண்ணெயும்

பி.ஏ. படித்த நாளில் கேப்ரியல் ஒகாராவின் நன் நதிக் கவிதையை ஒரு தொகுப்பில் வாசித்தேன். நதியைக் குறியீடாக எடுத்துக்கொண்டு, மரணம், பிறந்த மண் என்று மார்ஜினில் பென்சிலால் குறித்தும் வைத்தேன். அந்த நதி எங்கே ஓடுகிறது, கரையில் நிற்பது என்ன மரம் என்று கேட்கத் தோன்றவில்லை. நம் விமர்சனப் பழக்கம் அப்படி. கவிதை 1953இல் நைஜீரியாவில் பரிசு பெற்றது. 1956இல் அதே நைஜர் கழிமுகத்தில், ஒலொய்பிரி என்னும் கிராமத்தில், எண்ணெய் கண்டார்கள். இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

கழிமுகத்தின் உப்பங்கழிகளில் நிற்பது சுரபுன்னை. பிச்சாவரத்தில் நாம் பார்ப்பதன் இனந்தான். சேற்றில் காற்று கிடையாது. வளைந்து இறங்கும் ஊன்றுவேர்களின் பட்டையிலுள்ள நுண்துளைகள் வழியாகத்தான் வேருக்கு மூச்சு. கச்சா எண்ணெய் அவற்றின்மேல் படிந்தால் மரம் திணறிச் சாகிறது. ஓதம் ஏறி வடியும் ஒவ்வொரு தடவையும் எண்ணெய் மறுபடி பூசப்படுகிறது.

‘கள்ளச் சுத்திகரிப்பு’ என்று பத்திரிகைகளில் படிக்கையில் நேற்று முளைத்த குற்றம்போல் படுகிறது. அடுப்பு பழசு. ராஃபியா பனையின் கள்ளைக் காய்ச்சி ஒகொகொரோ என்ற சாராயம் இறக்குவது அங்கே வெகுநாள் தொழில். வெள்ளைக்கார அரசு அதைத் தடைசெய்தது. ஒரு பீப்பாய், அதிலிருந்து ஒரு குழாய், குழாயைக் குளிர்விக்கத் தண்ணீர். 1967 முதல் 1970 வரை நடந்த பயாஃப்ரா யுத்தத்தில், முற்றுகைக்குள் எரிபொருள் தீர்ந்தபோது, பயாஃப்ராக்காரர்கள் கச்சா எண்ணெயைத் தாங்களே காய்ச்சிக்கொண்டார்கள். அவர்கள் மத்தியில் அது சாமர்த்தியம், தேசபக்தி. யுத்தம் முடியுமுன்பே, 1969இல், எண்ணெய் முழுவதும் மத்திய அரசின் சொத்து என்று சட்டம் வந்தது. ஒரு தொகையை ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்றி எழுதுவது வங்கியில் என் தினசரி வேலை. தொகை அப்படியேதான் இருக்கும்.

இப்போது குழாயைத் துளைத்து எண்ணெயைப் படகில் கொண்டுவருகிறார்கள். அடியில் எரிவதும் கச்சா எண்ணெய்தான். டீசல் இறங்கியபின் மிஞ்சும் தார் கழியில் கொட்டப்படுகிறது.

இங்கேதான் எனக்குச் சங்கடம். கென் சாரோ-விவாவை 1995இல் ராணுவ அரசு தூக்கிலிட்டது. அவர் குற்றம் சாட்டியது கம்பெனியையும் அரசையும். அது தவறென்று யாரும் சொல்ல முடியாது. போடோவில் 2008இல் ஷெல் கம்பெனியின் குழாய் கசிந்து மீன்பிடி அழிந்ததற்கு, 2015இல் 5.5 கோடி பவுண்டு கொடுக்க அது ஒப்புக்கொண்டது. ஆனால் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011இல் தந்த அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: மேற்குப் போடோவில் 2007க்கும் 2011க்கும் இடையே கள்ள அடுப்புகள் பெருகின, அதே காலத்தில் நல்ல சுரபுன்னைக் காட்டில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. அனுதாபத்தோடு எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறார்கள். மீன் போன ஊரில் கிடைத்த பிழைப்பு என்பது உண்மை. மரம் சாவதும் உண்மை. 2022 ஏப்ரலில் இமோ மாநிலத்தில் இப்படி ஓரிடம் வெடித்து நூறு பேருக்குமேல் கருகினார்கள்.

ராணுவம் வந்து அடுப்புகளைக் கொளுத்துகிறது. பீப்பாயில் இருந்ததும் கழியில்தான் சேருகிறது. பட்ட மரங்களின் இடத்தில் நிப்பா பனை பரவுகிறது, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசியாவிலிருந்து கொண்டுபோய் நட்டது. அதற்கு ஊன்றுவேர் கிடையாது. மீன்குஞ்சும் நத்தையும் ஒண்டிக்கொள்ள இடுக்கு இல்லை.