கிலோகிராமா, பவுண்டா?



சில நாள்களுக்கு முன் ஒரு தாயார் தம் மகனின் கணிதத் தாளுடன் என்னைக் காண வந்தார். “விடை சரியாகத்தானே இருக்கிறது ஐயா? கிலோகிராம் என்று எழுதாததற்காக ஒரு புள்ளியைக் குறைக்கலாமா?” என்று வினவினார். அவரிடம் கூறிய வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

1983 ஜூலை 23. ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 வானூர்தி ஒன்று மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டன் செல்ல ஆயத்தமாக நின்றது. அக்காலத்தில் அது புத்தம் புதிய வகை. எரிபொருள் எவ்வளவு எஞ்சும், வழி மாறினால் எந்த நிலையம்வரை செல்லலாம் என்பவற்றைக் கணித்துக் கூறும் பறப்புக் கணினி அதில் இருந்தது. ஆனால், தொட்டியின் அளவைக் காட்டும் கருவி அன்று பழுதுபட்டிருந்தது. ஆதலால் தொட்டியைக் கையால் அளந்து, லிட்டரை எடையாக மாற்றி, அவ்வெண்ணை விமானியே கணினியில் பதிய வேண்டியதாயிற்று.

தவறு அங்கேதான் நேர்ந்தது. பயணத்திற்குத் தேவை 22,300 கிலோகிராம். தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். அதனை 1.77 ஆல் பெருக்கினர். ஒரு லிட்டர் எரிபொருளின் எடை 1.77 பவுண்டு, கிலோகிராமில் ஏறத்தாழ 0.8 மட்டுமே. கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்நிறுவனத்தின் பிற வானூர்திகள் பவுண்டிலும் இப்புதியவை கிலோகிராமிலும் கணக்கிடப்பட்டன. முன்பு இக்கணக்கைப் பார்த்த பறப்புப் பொறியாளர் பதவியும் இப்புதிய வகையில் இல்லை. 20,000 லிட்டருக்கு மேல் நிரப்பவேண்டிய இடத்தில் 4,917 லிட்டரே போதுமென முடிவாயிற்று. ஒட்டாவாவில் மீண்டும் அளந்தார்கள். அதே எண்ணால்தான் பெருக்கினார்கள். (நம் மாணவர்கள் விடையைச் சரிபார்ப்பதும் பெரும்பாலும் இப்படித்தான்!)

41,000 அடி உயரத்தில் எரிபொருள் அழுத்தம் குறைந்ததென எச்சரிக்கை ஒலித்தது. கணினியோ போதிய எரிபொருள் உண்டென்றே காட்டியது. அதற்குச் சொல்லப்பட்டது அதுதானே! தலைமை விமானி ராபர்ட் பியர்சன் வின்னிப்பெக் நகருக்குத் திருப்பினார். வழியிலேயே இரு இயந்திரங்களும் நின்றன. மின்சாரம் அற்று, திரைகளும் இருண்டன.

அதன்பின் வழி கண்டது மனிதக் கணக்கே. எவ்வளவு தூரத்திற்கு எத்தனை அடி உயரம் இழக்கிறோம் எனத் துணை விமானி மோரிஸ் குவிண்டல் கணித்தார். வின்னிப்பெக் எட்டாது. தாம் முன்னர் விமானப்படையில் பணியாற்றிய கிம்லி தளம் அவர் நினைவுக்கு வந்தது. அது மூடப்பட்டு, ஓடுபாதை பந்தயத் திடலாக மாறியிருந்ததை அவர் அறியார். அன்றும் அங்கே குடும்பங்கள் கூடியிருந்தன. இயந்திரமில்லா மிதவை வானூர்திகளை ஓட்டிப் பழகிய பியர்சன், வானூர்தியைப் பக்கவாட்டில் சரித்து வேகத்தையும் உயரத்தையும் குறைத்துத் தரையிறக்கினார். முன்சக்கரம் மடிந்து மூக்குத் தரையில் உராய்ந்தது. உள்ளிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். தரையில் எவருக்கும் காயமில்லை.

பழுது நீக்கப்பட்ட அவ்வானூர்தி 2008 வரை பறந்தது.

தாயார் அமைதியாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் ஒரு புள்ளி மட்டுந்தானே ஐயா போயிற்று” என்று சிரித்தார். புள்ளியை நான் திருப்பித் தரவில்லை.