வாற்பேத்தையின் வால் எங்க போச்சு?

காசநோயின்ர வரலாறு எண்டால் எல்லாரும் 1882 இல, ரொபேட் கொக்கிலயிருந்துதான் தொடங்குவினம். நாங்கள் ஒரு வாற்பேத்தையின் வாலிலயிருந்து தொடங்குவம்.

வாற்பேத்தை தவளையாகும்போது வால் அறுந்து விழுவதில்லை, உடம்புக்குள்ளேயே கரைந்து போகிறது. அந்த வாலைத் தாங்கி நிற்பது கொலாஜன் என்ற நார்ப்புரதம். எங்கட தோலையும் எலும்பையும் நுரையீரலையும் இழுத்துக் கட்டி வைத்திருப்பதும் அதுதான். சாதாரண நொதியங்களுக்கு அது லேசில் மசியாது. அப்ப வாலைக் கரைத்தது எது? இழையத்தை அரைத்துத் தேடினால் ஒண்டும் அகப்படவில்லை. 1962 இல் அமெரிக்காவின் பொஸ்டனில் ஜெரோம் குரொஸும் சார்ள்ஸ் லாப்பியேரும் அரைக்கிற வேலையை விட்டுவிட்டு, உயிருள்ள வால் துண்டுகளைக் கொலாஜன் கூழின்மேல் வைத்துப் பார்த்தார்கள். துண்டைச் சுற்றிக் கூழ் கரைந்து தெளிந்தது. நொதியத்தைச் சுரந்தது உயிருள்ள கலங்கள்! எவ்வளவு எளிமையான சோதனை பாருங்கோ.

இந்த நொதியக் குடும்பத்தில் மனிதரிடம் இருபதுக்கு மேல் உண்டு. காயம் ஆறவும், நோயெதிர்ப்புக் கலங்கள் இழையத்துக்குள்ளால் வழி எடுத்துப் போகவும் இவை வேணும். ஆனால் கட்டுப்பாடு தவறினால்?

காசநோயில் நுரையீரலில் விழும் குழியைப் பற்றீரியாதான் தின்றது எண்டு நாங்கள் நினைக்கிறம். பெரும்பங்கு வேலை எங்கட கலங்களின் நொதியங்களுடையது. பற்றீரியா அவற்றைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். குழி மூச்சுக்குழாயோடு தொடுத்தால் இருமலோடு கிருமி வெளியே பரவும். மருந்து கிருமியைக் கொன்றாலும், சிதைந்த நுரையீரல் பழையபடி வராது.

அந்த நொதியத்தை அடக்கலாமா? 1983 இல் நியூயோர்க்கில் லோர்ன் கொலப் குழுவினர் நீரிழிவு எலிகளுக்கு மினோசைக்ளின் கொடுத்தார்கள். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் முரசிலும் நொதியம் குறைந்தது. அதாவது நுண்ணுயிர்கொல்லி, கிருமியைக் கொல்லாமலே வேறொரு வேலை பார்த்திருக்கிறது. 1998 இல் அமெரிக்காவில் முரசு நோய்க்கு 20 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் அனுமதி பெற்றது. (எலிக்காய்ச்சல் வராமலிருக்க எங்கட வயல்காரருக்குக் குடுக்கிற அதே குளிசைதான், அளவுதான் குறைவு.) புற்றுநோய்க்கெண்டு இதே நொதியங்களை அடக்கச் செய்த புது மருந்துகளோ மூட்டுவலியைத் தந்து தோற்றுப்போயின.

2021 இல் சிங்கப்பூரில் 30 காசநோயாளர்களிடம் வழமையான மருந்தோடு டொக்சிசைக்ளினை இரண்டு வாரம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளியானது. நொதியங்கள் குறைந்தன. குழியும் சுருங்குமா எண்டு சொல்ல 30 பேர் காணாது.