கதிர்வீச்சூட்டிய உணவின் அடையாளச் சீட்டு

கதிர்வீச்சூட்டிய உணவின் அடையாளச் சீட்டு என்பது, அயனாக்கும் கதிர்வீச்சினால் பதப்படுத்தப்பட்ட உணவை வாங்குபவர் இனங்காணும் பொருட்டுப் பொதியின் மேல் அச்சிடப்படும் வாசகத்தையும் சின்னத்தையும் குறிக்கும். பொதுவாக லேபிள் என அறியப்படும் இச்சீட்டு பல நாடுகளில் சட்டப்படி கட்டாயமாகும். எனினும், எந்தெந்த உணவுகளுக்கு இது தேவை என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது.

தேவை

வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியன முளைவிடுவதைத் தடுக்கவும், தானியங்களிலும் பழங்களிலும் உள்ள பூச்சிகளை ஒழிக்கவும், நறுமணப் பொருட்களிலும் இறைச்சியிலும் நுண்ணுயிர்களைக் குறைக்கவும் கதிர்வீச்சு பயன்படுகின்றது. கோபால்ட்-60 போன்ற மூலங்கள் வெளியிடும் காமாக் கதிர்கள், எக்ஸ் கதிர்கள், எலக்ட்ரான் கற்றை ஆகியவை இதற்குப் பயன்படுத்தப்படுகின்றன. அனுமதிக்கப்பட்ட ஆற்றல் அளவுகளில் உணவு கதிரியக்கம் பெறுவதில்லை. உணவு வேளாண் அமைப்பு, பன்னாட்டு அணுசக்தி முகமை, உலக சுகாதார அமைப்பு ஆகியவற்றின் கூட்டு வல்லுநர் குழு, சராசரியாக 10 கிலோகிரே வரையிலான கதிர்வீச்சு நச்சியல் தீங்கு விளைவிப்பதில்லை என 1980 இல் முடிவு செய்தது.

உறையவைத்த மீனையும் உலர்த்திய பழத்தையும் பார்த்தே அறியலாம். கதிர்வீச்சூட்டிய மிளகை அவ்வாறு அறிய இயலாது. ஆகவே, வாங்குபவருக்கு அடையாளச் சீட்டு ஒன்றே வழியாகும்.

ராடுரா சின்னம்

கதிர்வீச்சூட்டிய உணவுக்கான பன்னாட்டுச் சின்னம் ராடுரா எனப்படும். இது 1960களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் இருந்த முன்னோடிக் கதிர்வீச்சு நிலையத்தில் உருவானது. வழக்கமாகப் பச்சை நிறத்தில் அமையும். நடுவிலுள்ள புள்ளியும் இரு இலைகளும் தாவரத்தையும், சுற்றியுள்ள வட்டம் மூடிய பொதியையும், வட்டத்தின் மேற்பாதியிலுள்ள இடைவெளிகள் பொதியை ஊடுருவும் கதிர்களையும் குறிக்கின்றன.

விதிகள்

பன்னாட்டு உணவுத் தரநிலைகளை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையத்தின் விதிப்படி, உணவின் பெயருக்கு அருகில் எழுத்து வடிவ அறிவிப்பு கட்டாயம்; சின்னம் விருப்பத்திற்குரியது.

* ஐரோப்பிய ஒன்றியம்: 1999 ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி வாசகம் கட்டாயம். கலவை உணவில் கதிர்வீச்சூட்டிய சேர்பொருள் சிறிதளவே இருப்பினும் அதனைக் குறிப்பிடல் வேண்டும்.
* ஐக்கிய அமெரிக்கா: 1986 ஆம் ஆண்டு விதிப்படி சில்லறைப் பொதிகளில் சின்னமும் வாசகமும் கட்டாயம். கலவை உணவில் சேர்ந்த கதிர்வீச்சூட்டிய நறுமணப் பொருளுக்கும், உணவகங்களில் பரிமாறப்படும் உணவுக்கும் இது பொருந்தாது.
* இந்தியா: பொதியில் சின்னத்துடன், கதிர்வீச்சு முறையில் பதப்படுத்தியது என்னும் அறிவிப்பு, கதிர்வீச்சூட்டிய நாள், உரிம எண், நோக்கம் ஆகியவை இடம்பெற வேண்டும். 2007 இல் இந்திய மாம்பழங்கள் மகாராட்டிரத்தின் லாசல்காவ் நிலையத்தில் கதிர்வீச்சூட்டப்பட்டு அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயின.

கருத்து வேறுபாடுகள்

உண்பதைத் தெரிந்து தெரிவு செய்வது நுகர்வோர் உரிமை என்பது கட்டாயச் சீட்டை ஆதரிப்போர் வாதம். சின்னம் எச்சரிக்கை போலத் தோன்றி, பாதுகாப்பான உணவின் மீது அச்சத்தை ஏற்படுத்துகின்றது என்பது எதிர்ப்போர் வாதம். வேதிப்புகையூட்டிய நறுமணப் பொருளுக்கு இத்தகைய தனிச் சின்னம் இல்லை என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007 இல், கதிர்வீச்சு உணவின் தன்மையில் குறிப்பிடத்தக்க மாற்றத்தை ஏற்படுத்தினால் மட்டுமே வாசகம் போதும் என முன்மொழிந்தது. சில நிபந்தனைகளுடன் பாஸ்டரீகரிக்கப்பட்டது என்னும் சொல்லைப் பயன்படுத்தவும் அதில் இடமளிக்கப்பட்டது. இம்மாற்றம் நடைமுறைக்கு வரவில்லை. 1986 ஆம் ஆண்டு விதியின் அடிப்படையே தொடர்கின்றது.

கண்டறிதல்

சீட்டு இல்லாத பொருளை ஆய்வகத்தில் சோதிக்க இயலும். நறுமணப் பொருட்களில் ஒட்டியுள்ள நுண்ணிய மணல் துகள்கள் கதிர்வீச்சின் ஆற்றலைச் சேமித்து வைக்கின்றன. அவற்றைப் பிரித்துச் சூடாக்கும்போது அவ்வாற்றல் ஒளியாக வெளிப்படும். இது வெப்ப ஒளிர்வு முறை எனப்படும். எலும்புள்ள இறைச்சியை எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு முறையில் ஆராயலாம். இச்சோதனைகள் சீட்டின் உண்மையைச் சரிபார்க்க அதிகாரிகளுக்கு உதவுகின்றன. எனினும், கடையில் நிற்கும் நுகர்வோருக்கு இவை எட்டாதவை.