தேடப்பட்ட சுருளும் அழிக்கப்பட்ட அட்டைகளும்



பழைமையான எந்தத் திருச்சபைக்குச் சென்றாலும் அதன் அலுவலகத்தில் ஓர் இரும்பு அலமாரி இருக்கும். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு ஆகியவை அதற்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். முதியவர் ஒருவர் ஓய்வூதியத்துக்காகவோ வேறு தேவைக்காகவோ சான்று கேட்டு வரும்போது, ஆயர் அந்த ஏட்டைத் திறந்து அவருடைய பெயரைத் தேடுகிறார். அந்தப் பக்கத்தைக் கரையான் அரித்திருந்தால் என்ன செய்வது? "உமது பெயர் இங்கே இல்லை, ஆகையால் நீர் இந்தச் சபையைச் சேர்ந்தவர் அல்ல" என்று அவரிடம் சொல்லலாமா? ஏட்டைக் காக்கும் பொறுப்பு அவருடையதா, நம்முடையதா?

ஒரு சபைக்குள் இந்தக் கேள்விக்கு விடை சொல்வது எளிது. ஆனால் வல்லமையுள்ள ஓர் அரசாங்கம் இதே கேள்விக்கு நம் காலத்திலேயே தவறான விடையைக் கொடுத்தது. பிரிட்டனில் நிகழ்ந்த அந்த அநீதியை 'விண்ட்ரஷ்' விவகாரம் என்று அழைக்கிறார்கள். இந்த வாரம் அதன் வரலாற்றைச் சற்றுப் பொறுமையாகத் தியானிப்போம்.

குடிமக்களாக வந்தவர்கள்

1948 ஜூன் 22 அன்று, 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பல் லண்டனுக்குக் கிழக்கே உள்ள டில்பரி துறைமுகத்தில் பயணிகளை இறக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பயணிகளில் பெரும்பாலோர் ஜமைக்கா முதலிய கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் படைகளில் பணியாற்றியவர்களும் அவர்களுள் இருந்தனர். அதே ஆண்டில் நிறைவேற்றப்பட்ட பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம், பிரிட்டனில் பிறந்தவருக்கும் அதன் ஆட்சிக்குட்பட்ட குடியேற்ற நாடுகளில் பிறந்தவருக்கும் ஒரே குடியுரிமையை வழங்கியது. ஆகவே அவர்களும் அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களும் சட்டத்தின் பார்வையில் அந்நியர் அல்லர், குடிமக்கள்.

போரினால் சிதைந்திருந்த தேசத்துக்கு உழைக்கும் கைகள் தேவைப்பட்டன. கப்பல் வந்து இரண்டு வாரங்களுக்குள், 1948 ஜூலை 5 அன்று, தேசிய சுகாதாரச் சேவை தொடங்கப்பட்டது; அதன் மருத்துவமனைகளில் கரீபியன் பெண்கள் பலர் செவிலியராயினர். லண்டன் போக்குவரத்து நிறுவனம் 1956 முதல் பார்படாஸ் தீவுக்கே சென்று ஆள் எடுத்தது. பெற்றோர் முதலில் வந்து வேலையில் அமர்ந்தபின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டனர். அந்தப் பிள்ளைகளில் அநேகர் பெற்றோரின் கடவுச்சீட்டிலோ உறவினரின் கடவுச்சீட்டிலோ பயணம் செய்தவர்கள். தனக்கென்று ஒரு கடவுச்சீட்டு வேண்டும் என்ற எண்ணமே அந்த வயதில் யாருக்கும் எழுந்திராது.

பின்னர் கதவு சிறிது சிறிதாக அடைக்கப்பட்டது. 1962, 1968, 1971 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் குடியேற்றத்தைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தின. 1973 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த 1971ஆம் ஆண்டுச் சட்டம், அந்தத் தேதிக்கு முன்னரே குடியேறியிருந்த காமன்வெல்த் நாட்டவர் காலவரையின்றி அங்கே வாழலாம் என்று உறுதியளித்தது. ஆனால் அந்த உரிமைக்கு அடையாளமாக அவர்களில் பலருக்கு ஒரு தாளும் கொடுக்கப்படவில்லை. யார் யாருக்கு அந்த உரிமை உண்டு என்ற பட்டியலையும் உள்துறை அமைச்சகம் எழுதி வைக்கவில்லை. வாக்குறுதி கொடுக்கப்பட்டது, வாக்குறுதியின் ஏடு எழுதப்படவில்லை. பின்னால் வந்த துயரங்களின் வேர் இங்கே இருக்கிறது.

தாள் இல்லாதவரும் உரிமை இல்லாதவரும்

நாற்பது ஆண்டுகள் அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவர்கள் உழைத்தார்கள், வரி செலுத்தினார்கள், பெற்றோரை அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள், பேரப்பிள்ளைகளைக் கண்டார்கள். 2012இல் உள்துறை அமைச்சராயிருந்த தெரசா மே, அனுமதியின்றித் தங்கியிருப்பவர்களுக்கு நாட்டைப் பகையான சூழலாக்குவதே தமது நோக்கம் என்று அறிவித்தார். 2014, 2016 ஆகிய ஆண்டுகளில் அதற்கான சட்டங்கள் வந்தன. வேலை கொடுப்பவர், வீட்டை வாடகைக்கு விடுபவர், வங்கி, மருத்துவமனை என ஒவ்வொருவரும் எதிரே நிற்பவரிடம் குடியேற்ற ஆவணத்தைக் கேட்க வேண்டியதாயிற்று.

அனுமதியின்றித் தங்கியிருப்பவர்களைக் குறித்தே இந்தச் சட்டங்கள் இயற்றப்பட்டன என்று சொல்லப்பட்டது. ஆனால் உரிமை இல்லாதவரையும் தாள் மட்டும் இல்லாதவரையும் பிரித்தறிய அவற்றால் இயலவில்லை. ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் ஒரே நாளில் சட்டவிரோதி என்று கருதப்பட்டார். வேலை போயிற்று, வீடு போயிற்று, அரசின் உதவித்தொகை நின்றது, சிலருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சையும் மறுக்கப்பட்டது. பெற்றோரின் அடக்க ஆராதனைக்கென்று கரீபியன் தீவுக்குச் சென்ற சிலர் திரும்பி வர இயலாமல் அங்கேயே தங்க நேர்ந்தது.

அவர்களுடைய சொல்லை மெய்ப்பிக்கக்கூடிய ஒரு சான்று அரசிடம் இருந்தது. 1950களிலும் 60களிலும் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களின் பெயரும் வந்த நாளும் குறிக்கப்பட்ட வருகை அட்டைகள் லண்டனின் தென்பகுதியான கிராய்டனில் உள்துறை அமைச்சகத்தின் பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில் இருந்தன. யாரேனும் தாம் வந்த ஆண்டைக் குறித்து விசாரித்தால் ஊழியர்கள் அந்த அட்டைகளைப் பார்த்து விடை சொல்வதுண்டு. 2010ஆம் ஆண்டில் அவை அழிக்கப்பட்டன. 2018 ஏப்ரலில் முன்னாள் ஊழியர் ஒருவர் சொன்னதனாலேயே இந்தச் செய்தி உலகுக்குத் தெரிந்தது. தெரிந்தவுடன் இரண்டு பெரிய கட்சிகளும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டின. முடிவு 2009இல் தொழிற்கட்சி ஆட்சியின்போது எடுக்கப்பட்டது என்றார் ஒருவர். அழித்தது 2010இல் வந்த அடுத்த ஆட்சி என்றார் மற்றொருவர். ஏதேனில் கேட்கப்பட்ட கேள்விக்கு ஆதாமும் ஏவாளும் சொன்ன மறுமொழி நம் நினைவுக்கு வருகிறது அல்லவா?

அந்த அட்டைகள் வந்த நாளைக் காட்டுமேயன்றித் தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்டா என்று அமைச்சகம் விளக்கம் அளித்தது. அதில் ஓரளவு உண்மை உண்டு. அட்டைகள் இருந்திருந்தால் எல்லாருடைய துயரமும் நீங்கியிருக்கும் என்று நாமும் சொல்லக்கூடாது. ஆயினும் 1973க்கு முன் வந்தாரா என்பதே முதற்கேள்வியாயிருந்தபோது, வந்த நாளைக் காட்டும் சான்று அற்பமானதன்று. அதைவிடப் பெரிய முரண் ஒன்று உண்டு. வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஆவணமேனும் கொண்டுவரும்படி அதிகாரிகள் அந்த முதியவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் செலுத்திய வரியும் தேசியக் காப்பீட்டுத் தொகையும் ஆண்டுவாரியாக அரசின் மற்றத் துறைகளின் கணக்கிலேயே எழுதப்பட்டிருந்தன. ஓர் அறையில் இருந்த ஏட்டை அடுத்த அறையில் இருந்தவர் திறந்து பார்க்கவில்லை.

பாலெட் வில்சன் 1968இல் ஜமைக்காவிலிருந்து வந்த சிறுமி. வளர்ந்தபின் சமையற்பணி செய்தார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் உணவகத்திலும் சமைத்தார். சட்டம் இயற்றியவர்களுக்கு உணவு சமைத்த அந்தக் கைகளுக்கு 2017 அக்டோபரில் சட்டத்தின் பெயரால் தடுப்புக்காவல் கிடைத்தது. 34 ஆண்டுகள் தேசியக் காப்பீட்டுத் தொகை செலுத்தியிருந்தும், யார்ல்ஸ் வுட் தடுப்பு மையத்தில் அடைக்கப்பட்டு, நாடுகடத்தப்படும் நிலைக்கு வந்தார். அவருடைய தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரும் ஒரு தொண்டு அமைப்பும் கடைசி நேரத்தில் தலையிட்டதால் தப்பினார். 'கார்டியன்' நாளிதழில் அமீலியா ஜென்டில்மன் அவருடைய வரலாற்றை எழுதிய பின்னரே இது போன்ற மற்றவர்களின் துயரங்களும் வெளிவரத் தொடங்கின. எல்லாருக்கும் அந்தத் தப்புதல் கிடைக்கவில்லை. 1973க்கு முன் வந்தவர்களில் குறைந்தது 83 பேர் நாட்டைவிட்டு அகற்றப்பட்டிருந்தனர் என்று அரசே பின்னர் ஒப்புக்கொண்டது.

ராஜா தேடினார்

பிரியமானவர்களே, எஸ்றாவின் புத்தகத்தில் இதற்கு நேர்மாறான ஒரு வரலாறு உண்டு. சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர் எருசலேமில் ஆலயத்தைக் கட்டுகிறார்கள். தேசாதிபதியாகிய தத்னாய் வந்து, கட்டுவதற்கு உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்று விசாரிக்கிறான். கோரேஸ் ராஜா கட்டளையிட்டார் என்று அவர்கள் சொல்லுகிறார்கள். கோரேஸோ மரித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர்கள் கையில் காட்டுவதற்கு ஒரு சுருள் இருந்ததாக வேதத்தில் இல்லை.

அப்பொழுது தரியு ராஜா என்ன செய்தார்? "ஆதாரத்தைக் கொண்டுவாருங்கள், இல்லையேல் வேலையை நிறுத்துங்கள்" என்று அந்த ஏழை ஜனங்களிடம் சொல்லவில்லை. தமது ஆவணச் சாலையில் தேடும்படி கட்டளையிட்டார். தேடுதல் பாபிலோனில் தொடங்கியது. சுருள் அகப்பட்டதோ தொலைவில், மேதியா நாட்டு அக்மேதா அரண்மனையில். முதல் அறையில் இல்லை என்றவுடன் தேடுதல் நின்றுவிடவில்லை. தேடிய காலமெல்லாம் அவர்களுடைய வேலை தடுக்கப்படவும் இல்லை. சுருள் அகப்பட்டபின் ராஜா இன்னும் ஒருபடி மேலே சென்றார்: கட்டுமானச் செலவை ராஜாவின் வருமானத்திலிருந்து தாமதமின்றிக் கொடுக்கும்படி உத்தரவிட்டார். ஏட்டைக் காப்பதும், தேடுவதும், தாமதத்தின் செலவை ஏற்பதும் ஆளுகிறவரின் கடமை என்பதை மெய்த்தேவனை அறியாத ஒரு பெர்சிய ராஜா அறிந்திருந்தார்.

மன்னிப்பும் ஈடுகட்டுதலும்

பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கேட்கவே இல்லை என்று சொல்ல இயலாது. 2018 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் பிரதமர் தெரசா மே கரீபியன் தலைவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மாத முடிவில் ரட் பதவி விலகினார். ஆனால் நாடுகடத்தும் இலக்குகளைக் குறித்து நாடாளுமன்றத்துக்குத் தவறான தகவல் அளித்ததே அதற்கு உடனடிக் காரணம். 2020 மார்ச்சில் வெண்டி வில்லியம்ஸ் வெளியிட்ட விசாரணை அறிக்கை, இந்தத் தீங்கு முன்கூட்டியே அறியக்கூடியதாகவும் தவிர்க்கக்கூடியதாகவும் இருந்தது என்று கண்டது. அது 30 பரிந்துரைகளை முன்வைத்தது. அனைத்தையும் அரசு ஏற்றது. 2023 ஜனவரியில் அவற்றில் மூன்றை அரசே கைவிட்டது. அவற்றுள் இரண்டைக் கைவிட்டது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2024இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இழப்பீட்டுத் திட்டம் 2019 ஏப்ரலில் தொடங்கியது. தீங்கிழைத்த அமைச்சகமே அதை நடத்தியது. பாதிக்கப்பட்டவர்கள் மறுபடியும் அதே வாசலில் தாள்களோடு நிற்க வேண்டியதாயிற்று. 2021 நவம்பரில் நாடாளுமன்றத்தின் உள்துறைக் குழு, இந்தத் திட்டத்தை அமைச்சகத்திடமிருந்து எடுத்துச் சுதந்திரமான ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கும்படி கேட்டது. அரசு அதற்கு இணங்கவில்லை. அதற்குள் 23 பேர் இழப்பீடு பெறாமலேயே மரித்திருந்தனர். பாலெட் வில்சனும் 2020 ஜூலையில் உறங்கிப்போனார்.

குற்றத்தை அறிக்கையிடுகிறவன் முதலை முழுதும் திரும்பக் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று எண்ணாகமம் கற்பிக்கிறது. சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். நீங்கள் அநியாயத்தை நிரூபியுங்கள், பின்பு பார்ப்போம் என்று அவன் சொல்லவில்லை. வேதம் காட்டும் மனந்திரும்புதலில் அறிக்கையிடுதலும் ஈடுகட்டுதலும் பிரிக்கப்படுவதில்லை. தனிமனிதனுக்கு உரிய இந்த நியாயம் அரசுக்கு மட்டும் எப்படி இல்லாமற்போகும்?

2025இல் அரசு முதன்முறையாக ஒரு விண்ட்ரஷ் ஆணையரை நியமித்தது. அந்தப் பொறுப்பை ஏற்ற கிளைவ் பாஸ்டர், நாட்டிங்ஹாம் நகரின் ஒரு சபையில் போதகர். ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோரின் மகன். ஒரு மேய்ப்பனை இந்தப் பணிக்கு அழைத்தது பொருத்தமானதே. காணாமற்போன ஆட்டைத் தேடிப் போக வேண்டியவன் மேய்ப்பன் அல்லவா? வழியைக் கண்டுபிடித்து வரும்படி ஆட்டுக்கு யாரும் கட்டளையிடுவதில்லை.

நம்மில் பலர் ஏதோ ஓர் ஏட்டுக்குப் பொறுப்பாளர்கள். பள்ளிப் பதிவேடு, அலுவலகக் கோப்பு, சம்பளக் கணக்கு, சபை அங்கத்தினர் பட்டியல் என அது எதுவாகவும் இருக்கலாம். அடுத்த முறை ஒருவர் மேசைக்கு முன் நின்று தம் பெயரைத் தேடும்படி கேட்டு, முதல் ஏட்டில் அது அகப்படாதபோது, அக்மேதாவை நினைத்துக்கொள்வோம். எழுந்து அடுத்த அலமாரியைத் திறப்போம். தவறு நம்முடையதானால் அதன் செலவை அவர்மேல் சுமத்தாதிருப்போம். நம் பெயர்களை மறவாத கர்த்தர் அதற்கான பொறுமையையும் நேர்மையையும் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.